சர்வர் ரேக்கிற்குத் தட்டு தேர்ந்தெடுத்துப் பொருத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ரேக்கில் வைப்பதற்கென்றே செய்யப்பட்ட சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் இருபுறமும் காதுகள் (ரேக்கின் தூணில் திருகுவதற்கான தகடுகள்) இருக்கும், அல்லது பெட்டிக்குள்ளேயே ரெயில் வரும். மோடம், சிறிய ரவுட்டர், மேசைமேல் வைக்கும் என்ஏஎஸ் பெட்டி (வலையமைப்பு வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் கருவி), மினி பிசி, டவர் சர்வர், சிறு யுபிஎஸ் போன்றவற்றுக்கு அந்த வசதி கிடையாது. இவற்றை ரேக்கிற்குள் ஒழுங்காக அமர்த்துவதற்குத்தான் தட்டு. வாங்கும்போது பெரும்பாலோர் கேட்பது எத்தனை கிலோ தாங்கும் என்ற ஒரு கேள்வியைத்தான். அந்த எடை தட்டின் எந்த இடத்தில் அமரப்போகிறது, அதைப் பிடித்துக்கொள்ளப்போவது இரண்டு தூண்களா நான்கு தூண்களா என்ற கேள்விகளுக்கு விடை தெரியாவிட்டால் அந்தக் கிலோக் கணக்குக்குப் பொருளே இல்லை. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டையும் மையமாக வைத்தே செல்கிறது.

முதலில்: தட்டு உண்மையிலேயே தேவையா

கருவியின் கையேட்டைத் திறந்து, அதற்கு ரேக்கில் பொருத்தும் காதுகள் தனியாகக் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். பல ஸ்விட்சுகளுக்கும் சில டவர் சர்வர்களுக்கும் கிடைக்கின்றன. கிடைத்தால் அதுவே மேல். ரெயிலில் ஓடும்படி வடிவமைத்த சர்வரை, ரெயில் தொலைந்துவிட்டது என்பதற்காகத் தட்டின்மேல் வைப்பதும் நல்ல வழியல்ல. நினைவகம் மாற்றவோ மின்விசிறி மாற்றவோ அதை இழுத்துத் திறக்க முடியாமல், ஒவ்வொரு முறையும் முழுவதுமாகத் தூக்கி இறக்க வேண்டியிருக்கும்.

ரேக்கை அளப்பது

19 அங்குல ரேக் என்று சொல்லும்போது குறிக்கப்படுவது முன்பலகையின் முழு அகலம், அதாவது 482.6 மிமீ. இடது தூணின் துளை நடுவிலிருந்து வலது தூணின் துளை நடுவரை 465.1 மிமீ. இரு தூண்களுக்கும் இடையே உள்ள திறப்பு ஏறக்குறைய 450 மிமீ. தட்டின் பக்கச் சுவர்களும் நுழைவதற்கான இடைவெளியும் போக, கருவிக்குக் கிடைப்பது பெரும்பாலும் 430 முதல் 440 மிமீ வரைதான். 10 அங்குலச் சிறு ரேக்குகளும், தொலைத்தொடர்பு அறைகளில் 23 அங்குல ரேக்குகளும் உண்டு என்பதால், அளவுநாடாவை ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.

உயரத்தின் அலகு யூ. ஒரு யூ 44.45 மிமீ, அதாவது 1.75 அங்குலம். இஐஏ-310 தரநிலைப்படி ஒவ்வொரு யூவிலும் மூன்று துளைகள் இருக்கும். அவை சம இடைவெளியில் இருப்பதில்லை: யூவின் அடிக்கோட்டிலிருந்து 6.35 மிமீ உயரத்தில் முதல் துளை, அங்கிருந்து 15.875 மிமீ மேலே இரண்டாவது, இன்னும் 15.875 மிமீ மேலே மூன்றாவது. பிறகு அடுத்த யூவின் முதல் துளை 12.7 மிமீ தூரத்திலேயே வந்துவிடும். ஆகவே தூணை உற்றுப் பார்த்தால், இரண்டு துளைகள் மட்டும் சற்று நெருங்கி நிற்கும் இடங்கள் தெரியும். அந்த நெருங்கிய இரண்டுக்கும் நடுவில்தான் யூவின் எல்லைக்கோடு ஓடுகிறது. தூணில் எண் அச்சிடப்படாத ரேக்குகளில் இந்த ஒரு அடையாளத்தை மட்டும் வைத்துக்கொண்டே முழு ரேக்கையும் பிழையில்லாமல் எண்ணிவிடலாம். ஒரு துளை தவறினாலும் தட்டு இரண்டு யூக்களில் பாதிப்பாதியாகத் தொங்கும். மேலும் கீழும் இரண்டு இடங்கள் வீணாகும்.

அடுத்து துளையின் வகை. சதுரத் துளை என்றால் 9.5 மிமீ இருக்கும்; அதற்குள் கேஜ் நட் (சிறு கூண்டுக்குள் அமர்ந்த நட்) போட்டுத்தான் திருகை ஏற்ற முடியும். வட்டமாகவும் உள்ளே புரி வெட்டியும் இருந்தால் நட் தேவையில்லை, ஆனால் அந்தப் புரிக்கு ஏற்ற திருகு வேண்டும். எம்6, எம்5, 10-32, 12-24 ஆகிய நான்கு திருகு அளவுகளும் வழக்கில் உள்ளன. இவற்றில் எம்5 திருகும் 10-32 திருகும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்: முன்னதன் விட்டம் 5 மிமீ, பின்னதன் விட்டம் 4.83 மிமீ. ஒன்றுக்கான நட்டில் மற்றொன்றை ஏற்றினால் ஓரிரு சுற்றுப் போய் இறுகிக்கொள்ளும், அல்லது பிடிப்பில்லாமல் ஆடும். இறுக்குகிறதே என்று பலத்தைக் கூட்டினால் புரி அழிந்துவிடும். விரலால் திருகும்போதே நான்கைந்து சுற்று தடையின்றி ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் திருகு தவறானது என்று முடிவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

நான்கு தூண் ரேக்காக இருந்தால் ஆழத்தையும் அளக்க வேண்டும். முன் தூணின் வெளிமுகத்திலிருந்து பின் தூணின் வெளிமுகம் வரை உள்ள தூரமே நமக்கு வேண்டியது. அலமாரியின் வெளி ஆழம் 800 என்றோ 1000 என்றோ எழுதியிருப்பது இதற்கு உதவாது, ஏனென்றால் உள்ளே தூண்கள் முன்னும் பின்னும் நகர்த்தப்பட்டிருக்கலாம். இடதுபுறமும் வலதுபுறமும் தனித்தனியாக அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துவராத ரேக்குகளை நான் பார்த்திருக்கிறேன். அதில் தட்டு ஏறும்போது பின்பக்கத் திருகு ஒன்று மட்டும் எப்படியும் துளைக்கு நேராக வராது.

கருவியை அளப்பது

அகலம், ஆழம், உயரம், எடை ஆகிய நான்கையும் கருவி முழுமையாக இருக்கும் நிலையில் குறித்துக்கொள்ளுங்கள். என்ஏஎஸ் பெட்டிகளின் விவரப்பட்டியலில் எடை பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் இல்லாமல் தரப்பட்டிருக்கும். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று ஏறக்குறைய 700 கிராம் இருக்கும்; நான்கு டிஸ்க் போட்டால் கணக்கில் ஏறக்குறைய 3 கிலோ கூடிவிடும். யுபிஎஸ் என்றால் பேட்டரியோடு சேர்த்து எடுங்கள், அதன் எடையில் பெரும்பகுதி அதுதான்.

ஆழத்தில் கருவியின் உடலோடு பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பிளக்கையும் கேபிளின் வளைவையும் சேர்க்க வேண்டும். 75 முதல் 100 மிமீ வரை பின்னால் விட்டுவைத்தால் கேபிள் நசுங்காமல் திரும்பும், அலமாரியின் பின்கதவும் மூடும்.

உயரக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. 1 யூ தட்டு வாங்கினால் கருவியும் சேர்ந்து 1 யூவுக்குள் அடங்கிவிடும் என்று நினைப்பது தவறு. தட்டு தன் யூவின் அடியில் கிடக்கும். கருவி அதன்மேல் நிற்கும். 85 மிமீ உயரமுள்ள பெட்டியை அதில் வைத்தால், 2 யூவின் மொத்த உயரமான 88.9 மிமீயில் தகட்டின் தடிமன் 1.5 அல்லது 2 மிமீ போக, மேலே மிஞ்சுவது இரண்டு மிமீ அளவு இடம்தான். பெட்டியை உள்ளே நுழைக்கவும் சூடான காற்று வெளியேறவும் அது போதாது. ஆகவே அதற்கு 3 யூ ஒதுக்குவதே சரி.

எந்த வகைத் தட்டு

தட்டுகளில் பல பெயர்கள் புழங்கினாலும், அடிப்படையில் இரண்டு குடும்பங்கள்தான். முன் தூண்களில் மட்டும் திருகப்பட்டு, பின்பக்கம் எந்தப் பிடிமானமும் இல்லாமல் உள்நோக்கி நீண்டிருக்கும் கேன்டிலீவர் தட்டு ஒன்று. முன் தூண்கள் இரண்டிலும் பின் தூண்கள் இரண்டிலும் திருகப்படும் நான்முனைத் தட்டு மற்றொன்று.

கேன்டிலீவர் தட்டில் சுமை எப்படி இறங்குகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் கண்ணுக்குப் பழகிய சுவர் அலமாரிக்கு இது நேர்மாறானது. சுவரில் அறைந்த பலகை நம்மை நோக்கி வெளியே நீண்டிருக்கிறது. அதில் சுமை ஏறினால் மேல் ஆணிதான் சுவரிலிருந்து பிடுங்கப்படும். ரேக் தட்டின் காதுகளோ தூணின் முன்முகத்தில் அமர்ந்திருக்க, தட்டு தூணைத் தாண்டிப் பின்னோக்கி நீண்டிருக்கிறது. பின்விளிம்பு கீழே சாய முயலும்போது காதின் மேல்முனை தூணின்மேல் அழுந்துகிறது, கீழ்முனை தூணை விட்டு முன்னால் வரப் பார்க்கிறது. ஆகவே இங்கே இழுவிசை முழுவதையும் தாங்குவது கீழ்த் திருகுகள்தான்.

இதை எண்ணால் பார்ப்போம். 10 கிலோ எடையின் மையம் தூணிலிருந்து 200 மிமீ பின்னால் இருக்கிறது என்று வையுங்கள். 1 யூ தட்டில் காதின் மேல்முனையிலிருந்து கீழ்த் திருகு வரை சுமார் 37 மிமீதான் இருக்கிறது. 200ஐ 10ஆல் பெருக்கி 37ஆல் வகுத்தால், 10 கிலோ பொருளுக்காகக் கீழ்த் திருகுகள் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 54 கிலோ எடைக்குச் சமமான இழுவையைத் தாங்குகின்றன என்று தெரியும். அதே தட்டு 2 யூ உயரக் காதோடு இருந்தால் அந்தத் தூரம் 82 மிமீ ஆகிறது, இழுவை 24 கிலோவாகக் குறைகிறது. திருகும் தகடும் இதனால் உடனே உடைந்துவிடப் போவதில்லை. ஆனால் காதும் தட்டும் சேரும் மடிப்பு மெல்ல வளைந்து, சில மாதங்களில் பின்விளிம்பு கீழே உள்ள கருவியின் முதுகைத் தொட்டுவிடும். 2 யூ காதுள்ள தட்டு ஒரு யூவை அதிகமாக எடுத்துக்கொள்கிறதே என்று தயங்குபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. பக்கச் சுவர் முன்னே உயர்ந்து பின்னே சரிந்து இறங்கும் வடிவமும் இதற்காகத்தான்: மடிப்பில் விழும் திருப்புவிசையை அந்த முக்கோணச் சுவர் வாங்கிக்கொள்கிறது.

என் தீர்ப்பு இது: மோடம், சிறு ஸ்விட்ச், மினி பிசி என்று ஐந்தாறு கிலோவுக்குள் அடங்குபவற்றுக்குக் கேன்டிலீவர் தட்டு தாராளமாகப் போதும். அதற்கு மேல் போனாலோ, கருவியின் ஆழம் 350 மிமீயைத் தாண்டினாலோ, ரேக்கில் பின் தூண்கள் இருக்கும்பட்சத்தில் நான்முனைத் தட்டுக்கே செல்லுங்கள். டவர் சர்வரையும் யுபிஎஸ்ஸையும் கேன்டிலீவர் தட்டில் வைக்கவே வேண்டாம், தட்டின் பெட்டியில் எந்த எண் அச்சிட்டிருந்தாலும். அந்த எண் பெரும்பாலும் எடை தட்டு முழுவதும் சமமாகப் பரவியிருக்கும் நிலைக்கானது. நம் கருவி ஒரு மூலையில் குவிந்து நிற்கும்.

நான்முனைத் தட்டில் ஆழம் நிலையானதும் உண்டு, பின்பக்கக் கொக்கிகள் நகர்ந்து நீளும் வகையும் உண்டு. நீளும் வகையை வாங்கும்போது, நாம் அளந்த தூண் இடைவெளி அதன் வீச்சின் நடுப்பகுதியில் விழுகிறதா என்று பாருங்கள். கடைசி எல்லைவரை இழுக்கப்பட்ட கொக்கியில் இரண்டு தகடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் நீளம் குறைந்துபோவதால் அது தொய்யும்.

இழுப்பறைபோல வெளியே வரும் தட்டு, அடிக்கடி கையாள வேண்டிய கருவிக்கும் விசைப்பலகைக்கும் பயன்படும். அது வெளியே வரும்போது எடையும் ரேக்கிற்கு வெளியே வருகிறது என்பதை மறக்கக் கூடாது. தரையில் பிணைக்கப்படாத, கீழ்ப்பகுதி காலியான ரேக் அந்த நேரத்தில் முன்னால் சாயக்கூடும். ஆகவே சாய்வுத் தாங்கிக் கால்களை இறக்கிவைக்க வேண்டும், ஒரே நேரத்தில் ஒரு தட்டை மட்டுமே இழுக்க வேண்டும். தேவை இல்லாதவர்கள் நிலையான தட்டே வாங்கலாம். அதில் தேய்ந்துபோக எதுவும் இல்லை.

துளையிட்ட தட்டா, முழுத் தகடா என்ற கேள்விக்கு என் விடை பெரும்பாலும் துளையிட்டதே. சிறு கருவிகள் பலவும் அடிப்பக்கத்தின் வழியாகவே காற்றை எடுக்கின்றன. கேபிளையும் கருவியையும் பட்டை போட்டுக் கட்டவும் அந்தத் துளைகள் உதவும். ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: கருவியின் ரப்பர் கால்கள் துளைகளுக்குள் விழுந்தால் கருவி நொண்டும். தகட்டின் தடிமன் 1.5 மிமீக்குக் குறையாமல் இருப்பது நல்லது. விளிம்புகள் மடிக்கப்பட்டிருக்க வேண்டும், மடிப்பில்லாத விளிம்பு கையையும் கேபிளின் உறையையும் கிழிக்கும்.

பொருத்துவதற்கு முன்

இடத்தைத் தீர்மானியுங்கள். கனமானவை கீழே, இலகுவானவை மேலே என்பதில் விதிவிலக்கு வேண்டாம். சுவரில் தொங்கும் அலமாரியாக இருந்தால், தட்டு தாங்குமா என்பதோடு சுவரில் உள்ள ஆணிகள் மொத்தச் சுமையையும் தாங்குமா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

கீழே ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் கருவிகள் இருந்தால், அவற்றின்மேல் ஒரு அட்டையை விரித்துவையுங்கள். கை தவறும் ஒரு எம்6 திருகு நேராகக் கீழுள்ள கருவியின் காற்றுத் துளைக்குள் சென்று விழுவதற்கு அதிக நேரம் பிடிக்காது. அதன் காற்று முற்றிலும் அடைபடாதபடி அட்டையை வைத்து, வேலை முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

கேஜ் நட்டை ஏற்றுவது

ஒரு நான்முனைத் தட்டுக்குப் பொதுவாக முனைக்கு இரண்டாக எட்டு நட் தேவை. எந்தத் துளைகள் என்பதை முதலில் நான்கு தூண்களிலும் பென்சிலால் குறித்து, முன்னும் பின்னும் ஒரே யூதானா என்று கீழிருந்து எண்ணிச் சரிபாருங்கள். பின் தூணில் எண்ணுவதில்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன.

கேஜ் நட் தூணின் உட்புறத்திலிருந்து ஏறும். அதன் இரண்டு இறக்கைகளும் இடமும் வலமுமாக, துளையின் பக்கவிளிம்புகளைப் பிடிக்கும்படி இருக்க வேண்டும். மேலும் கீழுமாக அல்ல. ஒரு இறக்கையை முதலில் துளைக்குள் நுழைத்துவிட்டு, நட் ஏற்றும் கொக்கியைத் துளையின் வெளிப்பக்கத்திலிருந்து விட்டு, மறு இறக்கையைப் பிடித்து உங்களை நோக்கி இழுங்கள். டக் என்ற ஒலியோடு அது உட்கார்ந்துவிடும். பிறகு விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள்: சற்று ஆட வேண்டும், ஆனால் கழன்று வரக் கூடாது. அந்தச் சிறு ஆட்டம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது, திருகு துளைக்கு நேராக வருவதற்காக. கொக்கி இல்லாமல் தட்டையான ஸ்குரூடிரைவரால் நட்டை நெம்புபவர்கள் பலர். அது வழுக்கினால் எதிர்ப்பக்கம் பிடித்திருக்கும் விரலில்தான் ஏறும். கொக்கி ஒரு சிறு தகட்டுத் துண்டுதான், அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டை ஏற்றுவது

காலித் தட்டாக இருந்தாலும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தட்டை மட்டமாகப் பிடித்திருக்க, மற்றவர் முன்பக்கம் இரு காதுகளின் கீழ்த் துளைகளிலும் திருகை விரலால் ஏற்ற வேண்டும். கீழ்த் திருகு முதலில் என்பதற்குக் காரணம் மேலே பார்த்ததுதான்: தட்டு பின்னோக்கிச் சாயாமல் பிடித்துக்கொள்வது அதுவே. அதன்பின் மேல்த் திருகுகள். நான்முனைத் தட்டில் இதே நிலையில் பின்பக்கத்துக்குச் சென்று, கொக்கிகளை நகர்த்தித் தூணோடு சேர்த்து, அங்கேயும் எல்லாத் திருகுகளையும் விரலால் மட்டும் ஏற்றுங்கள். எட்டும் ஏறுவதற்கு முன் எதையும் இறுக்கக் கூடாது. ஒரு மூலையை இறுக்கிவிட்டால் எதிர்மூலைத் துளை நகர்ந்துவிடும்.

எட்டும் ஏறியபின் ரசமட்டத்தைத் தட்டின் குறுக்காகவும் நீளவாக்கிலும் வைத்துப் பாருங்கள். ரேக்கே சாய்ந்து நின்றால் ரசமட்டம் தட்டின் குற்றம்போலக் காட்டும். அப்படியானால் ரேக்கின் கால்களைத் திருகிச் சரிசெய்வதே முறை. பிறகு மூலைக்கு மூலை எதிரெதிராக இறுக்கி, கடைசியாகப் பின்கொக்கிகளின் நகரும் திருகுகளை இறுக்குங்கள். கையால் ஸ்குரூடிரைவரைப் பிடித்துத் திருப்பும் பலமே போதும். மின் டிரில்லால் ஏற்றினால் கேஜ் நட்டின் கூண்டு திறந்துகொண்டு, நட் உள்ளேயே சுழல ஆரம்பித்துவிடும். அதைக் கழற்றுவது மிகவும் சிரமம்.

பெயின்ட் பூசிய தட்டும் பெயின்ட் பூசிய தூணும் தொட்டுக்கொண்டிருந்தாலும் அவற்றுக்கிடையே மின்தொடர்பு உறுதி என்று சொல்ல முடியாது. தட்டில் எர்த் குறியிட்ட திருகு இருந்தால் அங்கிருந்து ரேக்கின் எர்த் முனைக்கு ஒயர் இழுங்கள். பல்வாஷர் போட்டால் அது பெயின்ட்டைக் கீறி உலோகத்தைத் தொடும்.

கருவியை வைப்பது

கேன்டிலீவர் தட்டில் கருவியை முன்பக்கத் தூண்களுக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள். மேலே போட்ட கணக்கில் 200 மிமீ என்பது 120 ஆனால் இழுவையும் அதே விகிதத்தில் குறையும். இரண்டு கருவிகள் இருந்தால் கனமானது முன்னே.

எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதில் காற்றுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ரேக்கின் முன்னே குளிர்ந்த காற்று, பின்னே சூடான காற்று என்பதே பொதுவான ஏற்பாடு. கேபிள் சொருகும் முகம் முன்னால் இருந்தால் வசதி என்பதற்காக டவர் சர்வரையோ என்ஏஎஸ்ஸையோ திருப்பி வைத்தால், அது பக்கத்துக் கருவிகள் கக்கும் சூட்டை இழுத்து முன்னால் விடும். பக்கவாட்டில் காற்று விடும் ஸ்விட்சாக இருந்தால், தட்டின் பக்கச் சுவர் அந்தத் துவாரங்களை மறைக்காதபடி இருபுறமும் இடம் விடுங்கள். டவர் சர்வரைப் படுக்கவைப்பது அதன் கையேடு அனுமதித்தால் மட்டுமே.

பின்பு வெல்க்ரோப் பட்டையைத் தட்டின் துளைகள் வழியாக விட்டுக் கருவியைக் கட்டுங்கள். கேபிளை யாராவது இழுத்தால் கருவி தட்டிலிருந்து நகர்ந்து விழாமல் இருக்க இது வேண்டும். அடாப்டர்களை அவற்றின் கம்பியிலேயே தொங்கவிடாமல், தட்டின் பின்மூலையில் தனித்தனியாகக் கட்டி, கருவியின் காற்று வெளியேறும் வழியிலிருந்து விலக்கி வையுங்கள். ஹார்ட் டிஸ்க் உள்ள பெட்டிகளின் அடியில் ரப்பர் கால்கள் தேய்ந்திருந்தால் புதியவை ஒட்டுங்கள். தகடு அதிர்வைப் பெருக்கிக்காட்டும்.

ஏற்றிய அன்று தட்டின் பின்விளிம்புக்கும் அதற்குக் கீழே உள்ள ஏதேனும் நிலையான புள்ளிக்கும் உள்ள உயரத்தை அளந்து, தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். ஒரு நாள் கழித்து ஒருமுறையும், ஒரு மாதம் கழித்து ஒருமுறையும் அதே இடத்தில் அளவுநாடாவை வையுங்கள், திருகுகளையும் தொட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று மிமீ இறங்கியிருந்தால் எடை அதிகம் என்று பொருள். திருகை மேலும் இறுக்கி அதைச் சரிசெய்ய முடியாது, எடையை முன்னால் கொண்டுவர வேண்டும் அல்லது நான்முனைத் தட்டுக்கு மாற வேண்டும்.

கழற்றும்போது வரிசை தலைகீழாகும். கருவியை முழுவதும் இறக்கிவிட்டு, பின்பக்கத் திருகுகள், அடுத்து முன்பக்க மேல்த் திருகுகள், ஒருவர் தட்டை அடியில் தாங்கிப் பிடித்தபின் கடைசியாக முன்பக்கக் கீழ்த் திருகுகள்.